ஓரம் தெரியக்கூடாது

“முகத்துல புள்ளி மட்டும் வைங்கண்ணே, மீதிய கிராஃபிக்ஸ்ல பாத்துக்கலாம்” என்றார் ஓர் இளம் இயக்குநர். மனித உடம்புக்குள் இயந்திரம் வளரும் கதை அவருடையது. சிறப்பு ஒப்பனைக் கலைஞரான நான் அந்தப் படத்தை ஏற்கவில்லை.

இதே வகையைச் சேர்ந்த டேவிட் குரோனன்பெர்க்கின் ‘தி ஃப்ளை’ (1986) படத்தில் விஞ்ஞானி, பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் தன் கருவிக்குள் நுழையும்போது ஓர் ஈயும் கூடவே போகிறது. கருவியை இயக்கும் கணினி இரண்டையும் ஒரே உயிராக்கிவிடுகிறது. அதற்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. இட்ட வேலையைச் செய்தது, அவ்வளவுதான். உடம்பு தன் வசமிழந்து மாறும் அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்த ஒப்பனைக் கலைஞர்கள் கிறிஸ் வாலஸும் ஸ்டீஃபன் டுபுயியும். முதுகில் சில முரட்டு மயிர்கள், முகத்தில் தடிப்பு, கண்ணாடி முன் கழன்றுவரும் நகம் என்று விஞ்ஞானியாக நடித்த ஜெஃப் கோல்ட்ப்ளம்மைக் கட்டம் கட்டமாகக் குலைத்தார்கள். முடிவில் கருவியின் உலோகமே சதையோடு சேர்ந்துவிடும். ஒப்பனைக்கான ஆஸ்கர் அவர்களுக்குக் கிடைத்தது.

விருதைப் பேசுகிறவர்கள் ஓரத்தைப் பேசுவதில்லை. நடிகரின் முகத்தில் ஒட்டும் ஃபோம் லேடெக்ஸ் எனும் நுரை ரப்பர் துண்டு தோலைத் தொட்டு முடியும் இடத்தில்தான் எங்கள் தொழிலின் மானமே இருக்கிறது. நுரை ஜெல் ஆகும் நேரம் பிசகினால் துண்டு ஓவனிலிருந்து குழியும் குமிழியுமாக வரும். சென்னையின் ஈரக்காற்றில் அந்த நேரம் ஒருநாள்போல் மறுநாள் இராது. ஒட்டியபின் விளக்குச் சூட்டில் நடிகருக்கு வியர்க்கும். வாயோரம்தான் முதலில் தூக்கும். சிலிகோன் துண்டென்றால் ஓரத்தைக் கரைத்துவிடலாம். லேடெக்ஸ் கரையாது, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றித்தான் மறைக்கவேண்டும். ஓரம் சரியாகும்வரை என் குரு வண்ணப் பெட்டியைத் தொடவே விடமாட்டார்.

தோல் எங்கே முடிகிறது, அந்நியப் பொருள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போவதுதான் இவ்வகைப் படங்களின் பயம். ஓரம் கண்ணில் பட்டால் ‘இது வேஷம்’ என்று ரசிகர் நிம்மதியாகிவிடுவார். புள்ளி வைத்த முகத்தோடு நடிப்பவருக்கோ தன் உடம்பு மாறுவதே தெரியாது. கண்ணாடியில் பார்த்துப் பதறுவதற்கும் அங்கே ஒன்றுமில்லை.

ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் 1982இல் ‘தி திங்’ படத்துக்குச் செய்த உருவங்கள் இன்றும் குலைநடுங்க வைக்கின்றன. 2011இல் வந்த அதன் முன்கதைக்கும் கைவினைஞர்கள் உருவங்கள் செய்தார்கள்; பெரும்பாலானவற்றைக் கிராஃபிக்ஸ் மூடிவிட்டது. இன்று அதை யார் பேசுகிறார்கள்? 2024இல் வந்த ‘தி சப்ஸ்டன்ஸ்’ இதே கைவேலையை நம்பி ஆஸ்கர் வாங்கியது.

இயக்குநர்களே, கதை முடிவானதும் எங்களைக் கூப்பிடுங்கள். அச்செடுக்கவும் ஓரம் இழைக்கவும் நேரம் கொடுங்கள். உடம்பைப் பற்றிய பயத்தை உடம்பின் மேல்தான் செய்ய முடியும்.