உரிய வழியாக

2020 மார்ச் 30 அன்று, பசிபிக் பெருங்கடலின் குவாம் தீவுத் துறைமுகத்தில் நின்றிருந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்றின் தலைவர் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார். மூன்று நாள்களில் அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கப்பலின் பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். தலைவரின் பெயர் கேப்டன் பிரெட் குரோசியர். பெருந்தொற்றுக் காலத்துச் செய்திக் குவியலில் இந்நிகழ்வு விரைவாகவே புதையுண்டு போனது. ஆயினும் அது எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. தம் பொறுப்பில் உள்ளவர்களின் உடல்நலம் குறித்து எச்சரித்த தளபதியைப் பதவி நீக்குவது முறையா?

இவ்வினாவுக்கு உணர்ச்சிவயப்பட்ட விடைகள் இரண்டு உடனே கிடைத்தன. ஒரு சாரார் அவரை வீரர் என்றனர். மறுசாரார் ஒழுங்கை மீறியவர் என்றனர். இவ்விரண்டையும் சற்று ஒதுக்கிவைத்து, நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பது நலம்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அக்கப்பல் வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குச் சென்றது. இரு நாடுகளின் நல்லுறவைக் காட்டும் பயணம் அது. அதை முடிவு செய்தவர்கள் மேலிடத்தார். மார்ச் 24இல், கடலில் இருந்தபோதே, மூன்று மாலுமிகளுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. மார்ச் 27இல் கப்பல் குவாமை அடைந்தது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். அடுக்குப் படுக்கைகள், பொதுக் கழிப்பறைகள், ஒருவரையொருவர் உரசிக்கொண்டு கடக்க வேண்டிய இடைவழிகள், பொது உணவுக்கூடங்கள் என அமைந்த போர்க்கப்பலில் ஆறடி இடைவெளி என்பது ஏட்டளவில் மட்டுமே சாத்தியம். தீவில் முதலில் கிடைத்த இடமோ, வரிசையாகக் கட்டில்கள் போடப்பட்ட உடற்பயிற்சிக் கூடம். அங்கும் தொற்று பரவத் தொடங்கியது.

குரோசியரின் கடிதம் இந்நிலையைத்தான் விவரித்தது. அணு உலையை இயக்கவும் கப்பலைக் காக்கவும் தூய்மைப்படுத்தவும் சுமார் 10 விழுக்காட்டினரை மட்டும் நிறுத்திவிட்டு, ஏனையோரைக் கரையில் தனித்தனி அறைகளில் தங்கவைக்க வேண்டும் என்று அவர் கோரினார். போர் மூண்டால் நோயுற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குச் சென்று போரிட இயலும் என்றும், போர் இல்லாத வேளையில் மாலுமிகள் சாக வேண்டிய தேவை இல்லை என்றும் எழுதினார். படைத்தயார்நிலையை அவர் மறந்துவிடவில்லை என்பதற்குக் கடிதமே சான்று.

மறுநாள் அக்கடிதம் சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் வெளியானது. ஏப்ரல் 2இல் கடற்படைத் துறையின் பொறுப்புச் செயலர் தாமஸ் மோட்லி அவரை நீக்கினார். கப்பலைவிட்டு அவர் தனியே இறங்கி நடந்தபோது நூற்றுக்கணக்கான மாலுமிகள் திரண்டு அவர் பெயரை முழங்கியதை உலகம் காணொளியில் கண்டது. சில நாள்களில் குவாமுக்கே பறந்து சென்ற மோட்லி, கப்பலின் ஒலிபெருக்கி வழியே அவரை அறியாமை மிக்கவர் அல்லது மூடர் என்னும் பொருள்படப் பேசினார். பேச்சின் ஒலிப்பதிவு வெளியே கசிந்தது. ஏப்ரல் 7இல் மோட்லியே பதவி விலக நேர்ந்தது.

மோட்லியின் நடத்தை தரக்குறைவாக இருந்தது என்பதற்காக அவர் முன்வைத்த காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. அவற்றை அவற்றின் வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். விமானந்தாங்கிக் கப்பல் என்பது ஒரு நாட்டின் படைவலிமையின் அடையாளம். அது செயலிழந்து நிற்கிறது என்னும் செய்தி பகை நாடுகளுக்குப் பயன்படும். அத்தகைய செய்தியை இரகசியக் காப்பற்ற மின்னஞ்சலில் பத்துப் பேருக்கு அனுப்பியது கவனக்குறைவே. அவருடைய நேரடி மேலதிகாரியான ரியர் அட்மிரல் ஸ்டூவர்ட் பேக்கர் அதே கப்பலில்தான் இருந்தார்; அவருக்கும் அம்மின்னஞ்சல் சென்றது, ஆனால் அனுப்பும் முன் காட்டப்படவில்லை. மாலுமிகளின் குடும்பங்கள் நாளிதழைப் பார்த்துப் பதறின. படையில் ஒவ்வொரு தளபதியும் தம் மனச்சான்றின்படி படிநிலையைத் தாண்டத் தொடங்கினால் படையே இருக்காது. இவை யாவும் பொருட்படுத்தத்தக்க வாதங்கள்.

ஆனால் இவ்வாதங்கள் அனைத்தும் கடிதம் சென்ற வழியைப் பற்றியவை. கடிதம் சொன்ன செய்தி பொய் என்று எவரும் சொல்லவில்லை. குரோசியரே அதை நாளிதழுக்குக் கொடுத்தார் என்றும் எவரும் நிறுவவில்லை. பின்னர் வந்த தரவுகளோ, அவருடைய அச்சத்தை உறுதிப்படுத்தின. நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆய்வின்படி, 4,779 பேரில் 1,271 பேருக்குச் சோதனையில் தொற்று உறுதியானது. அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல். 23 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், நால்வருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது, ஒருவர் இறந்தார். இவர்களின் சராசரி வயது 27 மட்டுமே என்பதை நினைவில் கொண்டால் இவ்வெண்களின் கனம் விளங்கும். தொற்று உறுதியான வேளையில் 76.9 விழுக்காட்டினருக்கு எந்த அறிகுறியும் இல்லை என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு. அறிகுறி தெரிந்தவர்களை மட்டும் பிரித்துவைத்தால் போதும் என்னும் வழக்கமான அணுகுமுறை அக்கப்பலில் ஏன் பயன்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அடுத்து நடந்ததுதான் ஆய்வாளர்களின் கவனத்துக்கு உரியது. ஏப்ரல் 24இல், முதற்கட்ட விசாரணைக்குப் பின், குரோசியரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தலாம் என்று கடற்படைத் தலைமையே பரிந்துரைத்தது. பரிந்துரை ஏற்கப்படாமல், விரிவான விசாரணைக்கு ஆணையிடப்பட்டது. ஜூன் 19இல் கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் மைக்கேல் கில்டே, தம் முந்தைய பரிந்துரைக்கு மாறாக, குரோசியருக்கு இனிக் கப்பல் பொறுப்பு கிடையாது என்று அறிவித்தார். பேக்கரின் பதவி உயர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. இம்முறை சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் வேறு. தொற்றைத் தடுக்க அவர் போதிய அளவு செயல்படவில்லை. கப்பலின் பின்பகுதியில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களை முன்கூட்டியே விடுவித்தார். மாலுமிகளைக் கரைக்கு மாற்றும் ஏற்பாடுகள் கடிதத்துக்கு முன்பே தொடங்கியிருந்தன என்பதே அது.

ஏப்ரலில் அவர் மீது சுமத்தப்பட்ட குற்றம், நோயைக் குறித்து அளவுக்கு மீறிப் பேசினார் என்பது. ஜூனில் சுமத்தப்பட்ட குற்றம், நோயைக் குறித்துப் போதிய அளவு செய்யவில்லை என்பது. குற்றச்சாட்டு ஏறக்குறைய எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டது. தண்டனை மட்டும் அப்படியே நின்றது. ஜூன் மாதக் காரணம் உண்மையாகவே இருக்கலாம். தொற்றுத் தடுப்பில் தவறிய தளபதியை நீக்குவதற்குப் படைக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அக்காரணம் ஏப்ரல் 2இல் எவர் கையிலும் இல்லை. தீர்ப்பு முதலிலும் விசாரணை பின்னரும் வந்தால், விசாரணை எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும், அது தீர்ப்புக்குச் சான்று தேடும் முயற்சியாகவே பார்ப்போர் கண்ணுக்குத் தெரியும். இதில் இழப்பு குரோசியருக்கு மட்டுமன்று, அந்நிறுவனத்துக்கும்தான்.

இந்தக் கதையில் ஒரு வரலாற்று ஒற்றுமை உண்டு. கப்பலுக்குப் பெயர் தந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1898இல் கியூபாவில் கர்னலாக இருந்தார். ஜூலையில் சாந்தியாகோ நகரம் வீழ்ந்தது, சண்டை ஓய்ந்தது. ஆனால் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் படையை அரிக்கத் தொடங்கின. அப்போரில் அமெரிக்கத் தரப்பில் குண்டுக்கு இரையானவர்கள் சில நூறு பேர். நோய்க்கு இரையானவர்கள் 2,000க்கும் மேல். படையை உடனே தாயகத்துக்கு அனுப்பாவிட்டால் அது அழியும் என்று ரூஸ்வெல்ட்டும் பிற அதிகாரிகளும் தளபதி ஷாஃப்டருக்கு எழுதினர். ஆகஸ்ட் 4இல் அது நாளிதழ்களில் வெளியானது. ஸ்பெயினுடன் சமாதானப் பேச்சு முடியாத வேளை அது. எதிரிக்கு நம் படையின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று வாஷிங்டன் கொதித்தது. படையைத் திரும்ப அழைக்கும் ஆணை கடிதத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்று போர்த்துறைச் செயலர் ரசல் ஆல்ஜர் பின்னாளில் வாதிட்டார். 122 ஆண்டுகள் கழித்துக் கேட்ட அதே வாதம்.

ரூஸ்வெல்ட் பதவி நீக்கப்படவில்லை. அவ்வாண்டே நியூயார்க் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1901இல் குடியரசுத் தலைவரானார். எனினும் அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட உயரிய வீரப் பதக்கம் மறுக்கப்பட்டது, 2001இல்தான் வழங்கப்பட்டது. ஆல்ஜரின் சினமே அதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். போர் முடியாத சூழலில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் ஆபத்து, அமைதிக் காலத்தில் எழுதப்பட்ட குரோசியரின் கடிதத்தைவிடப் பெரிது. இருந்தும் வரலாறு முதலாமவரின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டியது. இரண்டாமவரை அக்கப்பலிலிருந்தே இறக்கியது.

அதிகாரப் படிநிலை என்பது மேலிருந்து ஆணை இறங்குவதற்கு மட்டும் அமைந்ததன்று. கீழிருந்து உண்மை ஏறுவதற்கும் அதுவே வழி. தமிழில் 'இடித்துரைத்தல்' என்றொரு சொல் உண்டு. ஆட்சியாளனின் தவற்றை அவன் முகத்துக்கு நேரே சொல்லுதல் என்பது அதன் பொருள். அத்தகையோரைத் துணையாகக் கொள்வது அரசனுக்குக் காப்பு என்றே திருக்குறள் கருதுகிறது. சொல்பவனுக்கு அருளும் சலுகையாக அன்றி, கேட்பவனின் தேவையாகவே அது பேசப்படுகிறது. கீழிருந்து உண்மை ஏறும் வழி அடைபட்டால், மேலே இருப்பவர் குருடராகிறார்.

ஆகவே மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்பதுதான் நியாயம். எச்சரிக்கை உண்மையா? எச்சரித்தவர் தம் கடமையில் தவறினாரா? எச்சரித்த முறையில் பிழை உண்டா? மூன்றாவதற்கு விடை 'ஆம்' எனில் கண்டிக்கலாம். இரண்டாவதற்கு விடை 'ஆம்' எனில், விசாரித்த பின் நீக்கலாம். ஆனால் முதலாவதற்கு விடை 'ஆம்' என்று இருக்கையில், மூன்றாவதைக் காட்டி மூன்றே நாள்களில் நீக்கினால், மற்ற கப்பல்களின் தலைவர்கள் கற்கும் பாடம் தெளிவானது. அடுத்த முறை நோய் பரவும்போது அவர்கள் எழுதும் அறிக்கையில் நிலைமை கட்டுக்குள் இருக்கும்.

இது படைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. விடுதிக் குடிநீர் கெட்டுவிட்டது என்று எழுதும் மாணவருக்கும், ஆய்வகத்தில் நச்சுப்புகை வெளியேற வழியில்லை என்று சொல்லும் ஆய்வாளருக்கும் முதலில் கிடைக்கும் பதில், விண்ணப்பம் உரிய வழியாக வரவில்லை என்பதே. அப்பதில் பல வேளைகளில் சரியானதுதான். ஆனால் அதைச் சொல்பவர், தண்ணீரைச் சோதிக்க ஆளனுப்பிவிட்டுச் சொல்கிறாரா, அனுப்பாமலே சொல்கிறாரா என்பதில்தான் அந்நிறுவனத்தின் தரம் இருக்கிறது.