கட்டுத்தரை இங்கிலீஷ்

அப்பிச்சி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஆனால் எனக்கு அவர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த இடம் கட்டுத்தரைதான். விடிகாலையில் சாணி வாரிப் போட்டு, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கரைத்த தாழியில் மாடுகள் மூக்கை முக்கி உறிஞ்சுகிற சத்தத்துக்கு நடுவே, மயிலைப் பசுவின் மடிக்கருகே பித்தளைச் செம்போடு குந்துவார். நான் கன்றைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் பீச்சு செம்பில் 'சர்'ரென்று விழும், நுரை ஏற ஏற அந்தச் சத்தம் மெத்தென்று ஆகும், அதற்குள் ஒரு சொல் வந்துவிடும்.

கிடாரி என்றால் ஹெஃபர். எருது ஆக்ஸ், ஒன்றுக்கு மேல் போனால் ஆக்ஸன். ஹில் என்கிற குன்று சின்னதாக இருந்தால் ஹில்லக், அதே மாதிரி புல் என்கிற காளை சின்னதாக இருந்தால் புல்லக். முற்காலத்தில் அது காளங்கன்றுக்குத்தான் பேர். பசுக்களை அந்தக் காலத்தில் கைன் என்பார்களாம். அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். மயிலை காதை மட்டும் ஆட்டியது. எங்கள் தெருவில் பலருக்கு இங்கிலீஷ் என்றால் நடுக்கம். எனக்கோ அது சாணி வாசத்தோடு வந்து சேர்ந்ததால், மாடு மேய்த்த சனங்களின் பேச்சாகவே பட்டது.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மோந்தபடி ஆறு மாசம் தாயோடு திரிவதற்குள் அந்தச் சிவப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். என் கையில் இருந்த காளங்கன்றுக்கு அப்போது விலாவெல்லாம் சாம்பல், நெற்றியிலும் காதோரத்திலும் இன்னும் சிவப்பு. அந்த நாளில் பெரிய வகுப்புப் பையன் ஒருத்தன் மிரட்டி மிரட்டி என் பலப்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "அவன் ஒரு புல்லி அப்பிச்சி, புல் மாதிரியே முட்ட வாரான்" என்று அழுதேன்.

"புல்லிக்கும் காளைக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல கண்ணு. டச்சுக்காரங்க பேச்சுல இருந்து வந்த சொல்லு. மொதல்ல அதுக்கு ஆசைக்குரியவன்னுதான் அர்த்தம்" என்றார், கறப்பதை நிறுத்தாமலே. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் நெசவாளி பாட்டமைக் கூட்டாளிகள் புல்லி பாட்டம் என்று பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு நூறு வருஷத்துக்குள் அந்தச் சொல் ஜம்பமடித்து மிரட்டுகிறவனுக்குப் போய்விட்டது. "இந்தக் கன்னாட்டம் நெறம் மாறிப் போச்சு." மறுநாள் அந்தப் பையன் எதிரே வந்தபோது, ஆசைக்குரியவனே என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பலப்பம் போனது போனதுதான்.

ரோடு போட புல்டோசர் வந்த காலையில் மட்டும் அப்பிச்சி செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். 1876 வாக்கில் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமல் அடித்து மிரட்டினார்களே, அந்த அக்கிரமத்துக்குத்தான் முதலில் அந்தப் பேர். காளைக்குக் கொடுக்கிற அளவு சாட்டையடி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மண் தள்ளுகிற வண்டிக்கு அது வந்தது பிற்பாடு. தெருப் பையன்கள் எல்லாம் அந்த வண்டியின் பின்னால் கூச்சலிட்டு ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை.

சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குக் கன்றை ஓட்டிப் போனோம். முழுக்கச் சாம்பலான பிறகும் நான் அதைச் செவலை என்றுதான் கூப்பிட்டேன். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, யாரோ ஓட்டிப் போனார்கள். அந்தப் பணத்தில்தான் ஜூன் மாசம் டவுன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஃபீஸ். வரிசையில் நிற்கும்போது அப்பிச்சி குனிந்து, "ஃபீங்கிற சொல்லோட வேரைத் தோண்டுனா மாடுதான் சாமி. கேட்டில்ங்கிற சொல்லு சொத்துல இருந்து மாட்டுக்கு வந்துச்சு, இது மாட்டுல இருந்து காசுக்குப் போச்சு. நம்ம வள்ளுவரும் செல்வத்தை மாடுன்னுதான் சொன்னாரு" என்றார். குமாஸ்தா ரசீது நீட்டினார். அதில் என் பேர் இருந்தது, தொகை இருந்தது. செவலையின் பேர் ஏன் இல்லை என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அப்பிச்சியை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.