வாப்பாவின் அளவுக் கொப்பி

வாப்பா தையற்காரர். அவருடைய அளவுக் கொப்பியைப் பின்னாளில் புரட்டியபோதுதான் கவனித்தேன்: கடைசிப் பக்கங்களில் எழுத்து எறும்பு போலச் சிறுத்திருந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்கு எழுத்து அப்படித்தான் சிறுக்கும். கை நடுங்கத் தொடங்கு முன்பே கொப்பி சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் வாசிக்கவில்லை.

நடுக்கத்தை ஏற்றுக்கொண்டோம். மறதியைத்தான் ஏற்கவில்லை. காலையில் சொன்னதைப் பகலில் கேட்டால் விழிப்பார். "இப்பதானே வாப்பா சொன்ன நான்!" என்று எரிந்து விழுவேன். இந்த நோய் கைகால்களுக்குரியது, புத்தியைத் தொடாது என்பது என் எண்ணம். 1817இல் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதிய லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனும் புலன்களும் புத்தியும் பழுதுபடுவதில்லை என்றுதான் எழுதினார். அவர் விபரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலரை வீதியில் கண்டதுதான்.

மண்டையோட்டைத் திறக்காமல் மூளையைப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு கதை மாறியது. 1983இல் கனடா ஆய்வாளர்கள், உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் டோபமின் இருக்குமிடத்தை பெட் ஸ்கேன் மூலம் படமாக்கினார்கள். நடுமூளையில் டோபமின் தரும் கலங்கள் அழிவதால்தான் உடலின் அசைவு தடுமாறுகிறது. நினைவிலுள்ளதைத் தேடியெடுக்கவும் அந்த டோபமின் உதவுகிறது. பிறகு வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகள், நினைவைப் பதிக்கும் ஹிப்போகெம்பஸ் என்ற பகுதி மறதியுள்ள நோயாளிகள் பலரில் சுருங்கியிருப்பதைக் காட்டின.

ஆக, மறதி இரண்டு வகை. உள்ளே இருப்பதை எடுக்க முடியாமை ஒன்று. உள்ளே பதியாமலே போவது மற்றது. முதலாவதற்கு ஒரு நுனி கொடுத்தால் போதும்.

இதை வாசித்த அன்று வாப்பாவிடம், கடையில் தொழில் பழகிய பையனின் பெயரைக் கேட்டேன். வரவில்லை. முதல் எழுத்தை மட்டும் சொன்னேன். முழுப் பெயரையும் சொல்லி, அவனுக்குப் பொத்தான் தைக்கப் பழக்கிய கதையையும் சொன்னார். பிறகு, பகல் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். "மீனா, இறைச்சியா வாப்பா?" என்று உதவியும் பார்த்தேன். அது வரவேயில்லை.

வாப்பாவின் மூளையை எந்த ஸ்கேனும் படம் பிடித்ததில்லை. ஆனாலும் அன்றோடு நான் கத்துவதை விட்டேன். கேள்வியோடு ஒரு நுனியும் கொடுப்பேன். அதற்கும் வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன், முதல் தடவை சொல்வது போல.

வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். நான் எரிந்து விழுந்த நாட்களை அவர் மறந்திருக்கலாம். எனக்கு அவை நன்றாகப் பதிந்திருக்கின்றன.