இன்னும் வண்டி இருக்கா?

"இன்னும் வண்டி இருக்கா?" என்று இரவு 11.20க்கு ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். இருக்கிறது என்று பதில் போட்டேன். "ஃபைனல் எவ்வளவு?" என்றார். வண்டியை அவர் இன்னும் பார்க்கவில்லை. நேரில் வந்து பாருங்கள், பேசுவோம் என்றேன். ஐந்து நிமிடம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. "நீங்க இன்னும் தூங்கலையா மேடம்?"

நான் விற்க வைத்திருந்தது 2013ஆம் வருடத்து வெள்ளை ஐ10. 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோவோடு உற்பத்தியைத் தொடங்கிய ஆலையில்தான் அதுவும் பிறந்தது. நெல்லும் கரும்பும் விளைந்த எங்கள் பகுதியில் இன்று கார்தான் விளைபொருள். ஒரகடம் கூட்டுரோட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும், நம்பர் பிளேட் இல்லாத புது வண்டிகளை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு லாரிகள் போவதைப் பார்க்கலாம். இவ்வளவு கார் விளைகிற மண்ணில் ஒரு பழைய காரை விற்பது பெரிய காரியமா என்றுதான் நானும் நினைத்தேன். நாற்பத்தேழு நாட்கள் ஆயின.

விற்கக் காரணம் என் இடது முழங்கால். வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே கிளட்சை மிதித்து மிதித்து அது வீங்கிப்போனது. கியர் மாற்ற வேண்டாத வண்டி வாங்குங்கள் என்றார் மருத்துவர். பழையதை விற்றால்தான் புதியதற்கு முன்பணம் சேரும். அதனால் படம் எடுத்து, 2,75,000 ரூபாய் என்று விலை போட்டு, இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். என் பெயரிலேயே கொடுத்தேன். அதுதான் தவறு என்று பிறகு பலர் சொன்னார்கள்.

விடைத்தாள் திருத்திப் பழகிய கை. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். முதல் பத்து நாளில் தொடர்புகொண்டவர்கள் 63 பேர். வருகிறேன் என்று நாளும் நேரமும் குறித்தவர்கள் 14 பேர். வந்தவர்கள் 4 பேர். வராத பத்துப் பேரில் ஒருவர்கூட வரவில்லை என்று சொல்லவில்லை. ஒரகடத்தில் ஒரு பெட்ரோல் பங்கின் காற்றுப் பிடிக்கும் இடத்தருகே ஒவ்வொருவருக்காகவும் நின்றேன். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அந்தப் பங்கில்தான் அதைச் செய்முறையாகப் படித்தேன்.

ஒருவர் பாதி விலைக்குக் கேட்பார். மறுத்தால், "இதுக்கு மேல எவன் குடுப்பான்?" என்று நமக்கே புத்தி சொல்வார். ஒருவர் எல்லாக் கோணத்திலும் படம் கேட்பார். எஞ்சின், டயர், சீட்டு என்று அனுப்பிக்கொண்டே போனால் கடைசியில், வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்று ஒரு படம் என்பார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர முடியாது, முன்பணம் இப்போதே அனுப்புகிறேன் என்றும் இந்தியில் ஒருவர் அவசரப்பட்டார். ஒரு கியூஆர் கோடை அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும் என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்று என் மாணவி ஒருத்தி முன்பே சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தேன்.

நாளடைவில் நானும் சில விதிகளை வகுத்துக்கொண்டேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு பதில் கிடையாது. வீட்டு முகவரி கிடையாது. ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் லைசென்ஸைக் காட்ட வேண்டும், நான் பின்சீட்டில் உட்காருவேன், நமக்குத் தெரிந்த மெக்கானிக் முன்சீட்டில் இருப்பார். ஆர்.சி.யின் நகலைத்தான் காட்டுவேன். இவையெல்லாம் எந்த ஆணும் கடைப்பிடிக்கக்கூடிய எச்சரிக்கைகள்தான். ஆனால் என் தம்பி அவனுடைய பைக்கை விற்றபோது இதில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்கவில்லை. வாசலில் நிறுத்தி, வந்தவருக்குக் காபி கொடுத்து, மூன்று நாளில் விற்றான்.

வந்த அழைப்புகளில் முக்கால்வாசி இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு கேள்விக்கு வந்துவிடும். "சார் இருக்காங்களா?" இல்லை என்றால், "எப்ப வருவாங்க?" வண்டி என்னுடையது, என்னிடமே பேசலாம் என்றால் ஒரு சிறு மௌனம். பிறகு, "இல்ல மேடம், வண்டியைப் பத்திப் பேசணும்." கிளட்ச் பிளேட் எப்போது மாற்றியது, டைமிங் செயின் சத்தம் உண்டா, எல்லாமே எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக சர்வீஸ் பில்களைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். பதில் சொன்னால் சோதனை தொடங்கும், வைவா மாதிரி. கேட்பவருக்குப் பதில் தெரியாத கேள்விகளும் அதில் இருக்கும்.

இருபதாம் நாள் அலுத்துப்போய்த் தம்பியின் எண்ணை விளம்பரத்தில் போட்டேன். அவன் இருப்பது ஓசூரில். வண்டியை அவன் இரண்டு முறை ஓட்டியிருப்பான். அழைத்தவர்களிடம், "அக்கா வண்டிதான், நல்லா இருக்கும்" என்ற ஒரே வரியைச் சொன்னான். வைவா இல்லை, நள்ளிரவுச் செய்தி இல்லை. என்னிடம் ஒரு லட்சத்து நாற்பதுக்குக் கேட்ட அதே ஆள் அவனிடம் இரண்டு இருபதுக்குக் கேட்டார். எண் ஒன்றுதான், நோட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவே அவன் எண்ணை நீக்கிவிட்டு என் எண்ணைத் திரும்பப் போட்டேன். நஷ்டம்தான். ஆனால் 2013இல் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவள் நான், ஐந்து வருடம் தவணை கட்டியவள் நான், விற்கும்போது மட்டும் இன்னொருவர் குரலில் பேசுவதா?

அதைவிடப் பெரிய சங்கதி ஆர்.சி. அட்டையில் இருந்தது. உரிமையாளர் பெயருக்குக் கீழே, இன்னாரின் மகன், மனைவி அல்லது மகள் என்று ஒரு வரி உண்டு. 2013இல் அந்த இடத்தில் என் கணவர் பெயர் இருந்தது. 2016இல் எங்கள் திருமணம் முடிந்தது. வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், அம்மாவுக்கான காப்பீடு என்று எல்லாவற்றிலும் மாற்றினேன். காரில் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் டேஷ்போர்டுக்குள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போய் வந்தேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நல்ல மனிதர். விலை படிந்தது. முன்பணம் எடுக்கப் பைக்குள் கைவிட்டவர், ஆர்.சி. நகலை மறுபடி பார்த்தார். "இவரு ஒரு கையெழுத்துப் போட்டுடுவாரில்ல?" என்றார். தேவையில்லை ஐயா, உரிமையாளர் நான்தான் என்றேன். "அது சரிம்மா, ஆனா நாளைக்கு அவரு வந்து கேட்டுட்டாருன்னா?" எங்களுக்கு விவாகரத்தாகிவிட்டது என்று அந்தப் பெட்ரோல் பங்கில், காற்றுப் பிடிக்கும் பையன் காதில் விழும்படி சொல்ல வேண்டியிருந்தது. அவர் முகம் மாறியது. கோபமில்லை, பரிதாபம். தீர்ப்பு நகல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பழைய ஐ10ஐ விற்க நான் குடும்ப நீதிமன்றத் தீர்ப்பைக் காட்ட வேண்டும்! யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் பிறகு அழைக்கவில்லை.

சட்டம் இதில் எவ்வளவோ தெளிவாக இருக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். படிவம் 29இல் விற்பவரும், படிவம் 30இல் விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். கணவரின் கையெழுத்துக்கு இவற்றில் எங்கும் இடமில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 50ஆவது பிரிவு. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பெயர் மாற்றாமல் வண்டி கைமாறிப் போய் விபத்து நடந்தால், பதிவில் பெயருள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பழியை ஏற்க என் பெயர் போதும். விற்கத்தான் போதவில்லை.

இந்த நாட்களில்தான் அவள் வந்தாள். பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி ஒருத்தியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வயது இருபத்து மூன்று, நான்கு இருக்கும். கம்பெனி விடுதியில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். செய்யாறு பக்கம் ஊர். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எது வரைக்கும், பதினைந்து வருடப் பதிவு எப்போது முடிகிறது என்று கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். சார் எங்கே என்று கேட்கவில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். ஓட்டுநர் சீட்டில் உட்காரலாமா அக்கா என்று கேட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். விலை பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு, ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னாள். அன்று எனக்கு முழங்கால் வலி, காலையில் இரண்டு பேருக்காகக் காத்திருந்து ஏமாந்த எரிச்சல் வேறு. "வாங்கறதா இருந்தா சொல்லும்மா. சும்மா டைம் வேஸ்ட் பண்ணாத" என்றேன்.

அவள் உடனே இறங்கிவிட்டாள். "சாரிக்கா. இவ்ளோ பணம் என்கிட்ட கிடையாது" என்றாள். பிறகு மெதுவாக, "தெனம் காருக்குள்ள போற வயரைத்தான் கட்டுறேன். எது ஹாரனுக்குப் போகுது, எது லைட்டுக்குப் போகுதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். ஓட்டுற சீட்ல உக்காந்து பாத்ததில்ல. ஷோரூமுக்குப் போனா கூட யாரு வந்திருக்காங்கன்னு கேப்பாங்க. ஓனர் லேடின்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தேன்."

இருவரும் ஷேர் ஆட்டோவுக்கு நடந்தார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைவு வந்தது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பல பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்கணக்கில் போக்குவரத்து நின்றது. அந்த நெரிசலில் இதே ஐ10இல் நானும் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "இந்தப் பொண்ணுங்களால எல்லாருக்கும் டைம் வேஸ்ட்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாரம் முழுக்க ஷிப்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் நேரம் மட்டும்தானே அவர்களுடையது என்று வகுப்பில் வந்து கோபமாகப் பேசினேன். அப்படி மிஞ்சிய மூன்று ஞாயிறுகளை ஒருத்தி என் காரைப் பார்க்கச் செலவழித்திருந்தாள். அதைத்தான் நான் வீண் என்று சொல்லிவிட்டேன். நள்ளிரவில் தூங்கவில்லையா என்று கேட்டவனிடம்கூட இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. அவனிடம் பயம் இருந்தது. இவளிடம் இல்லை. எரிச்சலை இறக்கிவைக்கப் பயமில்லாத இடம் பார்த்து இறக்கியிருக்கிறேன்.

நாற்பத்தேழாம் நாள் வண்டி விற்றது. வாங்கியவர் வாலாஜாபாத்தில் டெய்லர் கடை வைத்திருப்பவர். மனைவியோடு வந்தார். அரைமணி நேரம் பார்த்தார்கள். 2,40,000 என்று முடிந்தது. ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவிதான், "உங்க பேர்லயே இருக்குதாக்கா? நல்லது" என்றார். நான் மறுநாளே படிவங்களோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் மாறிவிட்டதென்று இரண்டு வாரத்தில் குறுஞ்செய்தி வந்தது. என் பெயரோடு சேர்த்து, அதற்குக் கீழே இருந்த பெயரும் அந்த வண்டியிலிருந்து இறங்கியது. அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. அம்மா, "காபி போடட்டுமா?" என்றாள்.

ஒரு மாதம் கழித்து ஞாயிறு காலையில் செய்தி வந்தது. "அக்கா, இன்னும் வண்டி இருக்கா?" அவள்தான். அதே கேள்வியை நூறு பேர் கேட்டிருப்பார்கள், இந்த ஒரு முறைதான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உடனே பதில் எழுதினேன்.

"வித்தாச்சும்மா. அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு. வேற வண்டி வாங்கியிருக்கேன், கிளட்ச் கிடையாது. எங்க காலேஜ் கிரவுண்டு ஞாயித்துக்கிழமை காலியாத்தான் இருக்கும். எல்.எல்.ஆர். போட்டுட்டு வா."