நிலத்தடியில் ஒரு சேமிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரி மழைநீர் சுண்ணக்கல்லின் வழியே கீழிறங்கி, கடலின் உவர்நீர்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. அதுவே நம் கிணற்று நன்னீர்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் ஊற்றுக்கு ஓய்வு கிடைத்தது. இன்று இயந்திரத்தால் அளவின்றி இறைக்கின்றோம். நன்னீர் குறைய, உவர்நீர் மேலேறுகின்றது. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றையே சேர்கின்றது. மழைநீரைத் தாங்கி நிலத்துள் இறக்கும் குளங்களையோ குப்பையிட்டுத் தூர்க்கின்றோம். குளம் தூர்ந்தால் தாமரையும் மீனும் கொக்கும் அங்கில்லை.

நம் முன்னோர் தெருவோரத்தில் கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்து, வாயில்லாச் சீவனுக்கும் நீரில் பங்கு வைத்தனர். அப்பங்கை நாம் பறித்தோம். நம் பிள்ளைகளின் பங்கும் அதனோடு போகின்றது.

மாரிக்கு முன் ஊர்க்குளத்தைத் தூர்வாரக் கூடுவோம். அது நம் வீட்டுக் கிணற்றை நிரப்பும் வேலையேயாகும்.