காலின் பழக்கம்

வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்! 1955 முதல் சென்னையில் உருவான பழைய புல்லட் நமக்குக் கற்பித்த பாடம் அது. புது வண்டிகளிலோ இரண்டும் இடம் மாறிவிட்டன. "வலக்கால் கியரே வீரம்" என்பர் புல்லட் பிரியர்கள். வெட்கமின்றி நாமும் முழங்கியதுண்டு.

பேரையூரிலிருந்து டி.கல்லுப்பட்டி செல்லும் சாலையில், நண்பரின் புது வண்டியில் சென்றோம். பந்தைத் துரத்திச் சிறுவனொருவன் குறுக்கே பாய்ந்தான். இடக்கால் அழுத்திற்று. வண்டி உறுமிற்று, நிற்கவில்லை! அழுத்தியது கியரையன்றோ! இருவகை வண்டிக்கும் பொதுவான வலக்கைப் பிரேக்தான் காத்தது. சிறுவனுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண்.

வீரமாம், வீரம்! ஆங்கிலேயத் தொழிற்சாலைகளின் பழைய வழக்கம் அது. அமெரிக்கா 1970களில் இடப்புறமே கியர் என்று விதித்தது, மற்றவர்களும் மாறினர். இதிலே புனிதம் எங்கிருந்து வந்தது?

அறிவு ஒப்பினாலும் கால் ஒப்பவில்லை. வைகறைதோறும் வெற்றுத் திடலில் இடக்காலுக்குப் பாடம் நடத்துகிறோம், ஐம்பது வயதில்!