தூங்கும் பிள்ளையெல்லாம் தேறிய பிள்ளை அல்ல

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மயக்க டாக்டர்களான எங்களை ‘மயக்க ஊசி போடுறவர்’ என்றுதான் சொல்வார்கள். ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பு. பிள்ளை வீட்டுக்குப் போன முதல் ராத்திரி எப்படித் தூங்கியது என்று சர்ஜனும் கேட்பதில்லை, நிர்வாகமும் கேட்பதில்லை. என் தொழிலின் பாதி அந்த ராத்திரியில்தான் இருக்கிறது.

எனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியை ஈதர் காலத்து ஆள். ஈதர் கொடுத்தால் வாந்தி வரும் என்பது தெரிந்த விஷயம். அதனால் டான்சில், மாறுகண் கேஸ் என்றால் முந்தின நாளே வார்டுக்குப் போய்த் தாயிடம் கேட்பார்: “ஏம்மா, பஸ்ஸுல வாந்தி எடுப்பானா? உனக்கு ஆபரேஷன் பண்ணப்போ வாந்தி வந்துச்சா?” எடை எழுதாத கேஸ் ஷீட்டைத் தொடவே மாட்டார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். 2004இல் ஜெர்மனியின் எபர்ஹார்ட் குழுவினர் ஆபரேஷனுக்குப் பின் எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரக்கூடும் என்று கணிக்கும் மதிப்பெண்ணை வெளியிட்டார்கள்: 3 வயதும் அதற்கு மேலும், அரை மணிக்குக் குறையாத ஆபரேஷன், மாறுகண், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ முன்பு வாந்தி வந்த வரலாறு. குடும்பத்தைக் கேட்கும் அந்தக் கேள்வியை அம்மையார் எந்தத் தாளையும் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தவர்.

இன்று வாந்தியைத் தடுக்க எல்லாருக்கும் ஒரே கலவை: ஆன்டன்செட்ரான் அரை ஆம்பூல், டெக்ஸா (டெக்ஸாமெத்தசோன்) கொஞ்சம். 12 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு 0.1 மி.கி. கணக்கில் 1.2 மி.கி. ஆன்டன்செட்ரான் போதும், அரை ஆம்பூல் என்றால் 2 மி.கி. ஆகிவிடும். கணக்குப் போட ஒரு நிமிஷம் ஆகாது.

டெக்ஸா நல்ல மருந்து. டான்சில் பிள்ளைக்கு வாந்தியோடு வலியையும் குறைக்கும். விழித்திருக்கும்போது வேகமாகப் போட்டால் அடிப்பக்கம் எரிந்து பிள்ளை துள்ளும். தூங்கவைத்த பிறகே போட வேண்டும். ஸ்டீராய்டு ஆதலால் சில பிள்ளைகள் ராத்திரி கொட்டக்கொட்ட விழித்திருக்கும். வலி, பசி, புது இடம் எல்லாமே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் பழியை மருந்தின்மேல் மட்டும் போட முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாய் பயப்படமாட்டாள்.

ஆன்டன்செட்ரான் தூக்கம் தராது. அதுதான் அதன் பெருமை. வாந்திக்கான மற்ற மருந்துகளில், மெட்டோகுளோபிரமைடு சில பிள்ளைகளுக்குக் கழுத்தைத் திருகி, கண்ணை மேலே செருகவைக்கும். வீட்டார் வலிப்பு என்பார்கள், பேய் என்பார்கள். புரோமெத்தசின் போட்டால் வார்டு அமைதியாகிவிடும், நர்ஸுக்கும் நிம்மதி. அந்த அமைதியில் மூச்சு அடங்குவதும் தெரியாது. 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004இலேயே கடும் எச்சரிக்கை போட்டது. பிள்ளை அழவில்லை என்பதற்காகத் தேறிவிட்டது என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

படுக்கை காலியாக வேண்டுமென்று, கேட்காத பிள்ளைக்கு வலுக்கட்டாயமாக ஜூஸ் ஊட்டுகிறார்கள். குடித்ததை அப்படியே கக்கும். தாகமென்று அதுவே கேட்கும்வரை பொறுக்க நேரமில்லையாம். பஸ்ஸைப் பற்றிக் கேட்கவும் யாருமில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் பிள்ளையின் எடையையும் உங்கள் வீட்டு வாந்திக் கதையையும் கேட்காவிட்டால், நீங்களே சொல்லுங்கள். ராத்திரி தட்டி எழுப்பியும் பிள்ளை கண் திறக்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.